சலப்பை

வாழைச்சேனைத் துண்டில் எழுதியிருந்தது:
பஸ் விபத்து. வெளிக்காயம் இல்லை. வயிற்று நோ.
தள்ளுவண்டியில் வந்தவள் அருந்தவமணி,
ஊர் கிரான், வயது நாற்பத்து நாலு.
மூத்தவளைக் கட்டாருக்கு ஏற்றிவிட்டு
இரவு பஸ்ஸில் திரும்பியவள்.
புணானையில் யானை குறுக்கே நின்றதாம்.
பிறேக் அடித்த அடியில்
முன் சீட்டுக் கம்பி அடிவயிற்றில்.

இடுப்பெலும்பு எடுத்தேன், முறிவில்லை.
விலா எடுத்தேன், முறிவில்லை.
'வீட்ட போகலாமா பிள்ளை?'
போகலாம் போலத்தான் இருந்தது.
ஆனால் நேராகப் படுக்கமாட்டேன் என்றாள்,
படுத்தால் தோள்மூட்டுக் கடுக்குதாம்.
அடிவயிற்றில் அடி வாங்கியவளுக்குத்
தோளில் என்ன?

பயிற்சிக்கு வந்த குருநாகல் டொக்டர் நிலூகா
தமிழில் ஐம்பது சொல் வைத்திருந்தாள்.
சலம் அதில் இல்லை.
'அம்மா, சூ போனது எப்ப?' என்றாள்,
தொட்டில் பிள்ளையிடம் கேட்பது போல.
அருந்தவமணிக்குச் சிரிப்பு வந்தது, வயிறு விடவில்லை.
பிறகு என்னைப் பார்த்து, மெல்ல:
கட்டுநாயக்காவில், பின்நேரம் நாலு மணிக்கு.
ஹபரணையில் பஸ் நின்றதுதான்.
கக்கூசுக்கு லைட்டில்லை, கதவுக்குக் கொண்டியில்லை,
வாசலில் நாலு பேர், சிகரட்டோடு.
மன்னம்பிட்டியில், நிப்பாட்டச் சொல்ல எழும்பினாள்.
சொல்லாமலே இருந்துவிட்டாள்.
'இப்ப முட்டுது பிள்ளை,
குந்தினா வருகுதில்ல.'

நிலூகா பேனையை மூடினாள்.

வெறும் பை எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.
நிறைந்த பைக்கு ஒதுங்க இடமில்லை,
உச்சியில் வெடிக்கும்.

சலவாயில் இரத்தமில்லை என்று பார்த்த பிறகே
குழாய் விட்டார்கள். தடங்காமல் போனது.
ஓர் இரவின் சலம் இருக்கவேண்டிய இடத்தில்
அரைக் கோப்பை, பிளேன்ரீ நிறத்தில்.

மருந்துப் போத்தலைக் கம்பியில் உயரத் தூக்கினேன்.
அமுக்கி ஏற்றக்கூடாது, தானாக இறங்கவேண்டும்,
முந்நூற்றைம்பது மில்லி.
குறைத்தால் கிழிசல் வாயைத் திறக்காது,
படம் பொய் சொல்லும்.
இருநூறு வரைக்கும் ஒன்றுமில்லை.
பிறகு, ஆத்துவாய் வெட்டிவிட்ட மாரி போல
வெள்ளை பையைவிட்டுப் பாய்ந்து
குடல் வளையங்களின் இடுக்கெல்லாம் ஓடித் தேங்கியது.
இடுப்புக்குள்ளேயே தீநாக்குகளாய் நின்றிருந்தால்
குழாயோடு ஆறவிட்டிருக்கலாம்.
இது கத்திக்கு.

இரத்த அறிக்கையும் வந்தது, கிரியேட்டினின் ஏறி.
'கிட்னி போட்டுதோ?' என்று புருஷன் சுவரில் சாய்ந்தார்.
டொக்டர் இல்ஹாம் கை கழுவிக்கொண்டே,
'கிட்னிக்கு ஒண்டுமில்ல.
கசிஞ்ச சலத்த வயிறு திரும்பக் குடிக்குது' என்றார்.

விரல் நீளக் கிழிசல்.
கரையும் நூலில் இரண்டு அடுக்குத் தையல்.
வயிற்றைக் கழுவி மூடப் பத்து மணியாயிற்று.
அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்து ஓடினேன்.
எக்ஸ்றே அறையில் எங்களுக்குக் கக்கூஸ் இல்லை,
சாவி கிளினிக் மிஸ்ஸிடம்,
கிளினிக் மிஸ் எட்டுக்குப் பிறகுதான்.
மூன்று வருடமாக இரவு வேலை நாளில்
ஏழு மணிக்குமேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை.
இதை யாருக்கும் எழுதிக் கொடுத்ததும் இல்லை.

பதினாலாம் நாள் வந்தாள்,
சலப் பையைச் சாறித் தலைப்பால் மூடிக்கொண்டு.
மறுபடி போத்தல், மறுபடி உயரம்.
நூறு, இருநூறு.
பூசணிப் பிஞ்சு போல ஓரம் மழமழவென்று.
கசிவில்லை.
முந்நூறு தாண்டியதும் மேசையில் படுத்தபடியே
கையை உயர்த்தி,
வெளி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்க,
'நிப்பாட்டுங்க!' என்றாள்.

நிப்பாட்டினேன்.

வடித்த பிறகு ஒரு படம் எடுக்கவேண்டும், எடுத்தேன்.
குழாய் கழற்றினார்கள்.
மூன்று கிளாஸ் தண்ணீர், வாங்கில் ஒரு மணித்தியாலம்.
மிஸ்ஸிடம் சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கி
நானே கதவைத் திறந்து,
லைட்டைப் போட்டுக் காட்டி,
வெளியே வந்து நின்றேன்.
உள்ளே கொண்டி விழுந்தது.